பத்துக்குப் பத்து அறைக்கு எது போதும்?

அத்தியாயம் 17

அம்மா தான் வாடகைக்கு எடுத்த அறையின் சாவியை மகளின் உள்ளங்கையில் வைத்துக் காட்டிப் பத்து நாள் ஆகிவிட்டது.

அம்மா வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்குப் பின்தெருவில், நான்காவது மாடியில், ஒரே ஓர் அறை. ஒன்றாம் தேதியிலிருந்து அம்மா அங்கே தனியாக இருக்கப் போகிறாள். சண்டை இல்லை. கைநீட்டல் இல்லை. இன்னொருவர் என்று யாரும் இல்லை. “உங்கப்பாகிட்ட நானே சொல்லிக்கறேன். அதுவரைக்கும் நீ வாயைத் திறக்கக் கூடாது” என்று மகளிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். இன்றைக்குச் சொல்கிறேன், நாளைக்குச் சொல்கிறேன் என்று நாள் ஓடி, மாதத்தின் கடைசிச் சனிக்கிழமையும் வந்துவிட்டது.

அப்பாவுக்கு எதுவும் தெரியாது. அவர் அன்று காலை ஹாலில் முட்டி போட்டு, டேப்பால் தரையை அளந்துகொண்டிருந்தார்.

“பாப்பா, இந்த முனையைப் பிடி.”

இருபத்தொன்பது வயதாகியும் அந்த வீட்டில் அவள் பாப்பாதான். வந்து பிடித்தாள்.

“ரெண்டு ஸ்பீக்கருக்கும் நடுவுல ஏழடி. நாற்காலி இங்க ஒண்ணு, அங்க ஒண்ணு. இன்னிக்குக் கதையை முடிச்சிடறோம்.”

முடிக்க வேண்டிய கதை ஒரு ஆம்ப்ளிஃபயர். அதை முதலில் கேட்டது அம்மா. பதினோரு வருஷத்துக்கு முன்னால். டாக்டர்கள் பேசிப் பதிவு செய்யும் குறிப்புகளைக் கேட்டு டைப் அடிப்பது அவள் வேலை. தினம் எட்டு மணி நேரம், யார் யாருடைய குடலையும் ஈரலையும் பற்றிய முணுமுணுப்பு அவள் காதுக்குள்ளேயே ஓடும். “காதுக்குள்ள இல்லாம, காத்துல ஒரு பாட்டு கேக்கணும்ங்க” என்றாள். “நல்லதாப் பாத்து வாங்குவோம்” என்றார் அப்பா.

அப்பா லிஃப்ட் இன்ஸ்பெக்டர். கயிறு, பிரேக், கதவு என்று ஒவ்வொன்றையும் மூன்று தடவை சோதிக்காமல் எந்த லிஃப்ட்டுக்கும் முப்பத்து நாலு வருஷத்தில் அவர் கையெழுத்துப் போட்டதில்லை. அந்தப் பழக்கம் வீட்டுக்கும் கூடவே வந்துவிட்டது. ரொட்டி சுடும் டோஸ்டர் வாங்கவே ஏழு மாதம் பிடித்தது. ஆம்ப்ளிஃபயருக்கு ஒன்பது வருஷம் நேரம் கிடைக்கவில்லை. கடைசி இரண்டு வருஷம் ஃபைல் போட்டு ஆராய்ந்தார். போன மாதம் ஓய்வு பெற்றதும், “இனிமே நமக்கு நேரம்தானே” என்று ஃபைலை மூடினார்.

“ரெண்டு ஜாதி இருக்கு பாப்பா,” என்றார், தரையில் சாக்பீஸால் கோடு இழுத்தபடி. “போன்ல பாட்டு வெறும் எண்ணாத்தான் இருக்கு. அந்த எண்ணைக் கரண்ட்டா மாத்தறது கன்வர்ட்டர். அந்தக் கரண்ட்டுக்கு பலம் குடுத்து ஸ்பீக்கரை ஆட்டறது ஆம்ப்ளிஃபயர். ரெண்டையும் ஒரே பெட்டிக்குள்ள வச்சும் விக்கறான். தனித்தனியாவும் விக்கறான்.”

“எது நல்லது?”

“தனித்தனிதான். கன்வர்ட்டர் அஞ்சு வருஷத்துல பழசாயிடும். ஆம்ப்ளிஃபயர் அப்படி இல்ல. செம்பும் இரும்பும். இருபது வருஷம் கல்லு மாதிரி உக்காந்திருக்கும். ஒரே பெட்டின்னு வச்சுக்கோ, உள்ள இருக்கறது பழசானா மொத்தப் பெட்டியும் போச்சு.”

“இருபது வருஷமாப்பா?”

“ஏன், எனக்கு அறுபது. உங்கம்மாவுக்கு அம்பத்தஞ்சு. எண்பது வரைக்கும் உக்காந்து கேக்கமாட்டோமா என்ன?”

டேப்பின் முனை மகளின் கையிலிருந்து நழுவியது. சர்ரென்று ஓடி அவர் விரலில் அடித்தது.

“பாத்துப் பிடிம்மா,” என்றார் விரலை உதறிக்கொண்டு.

அந்த வீட்டில் எதுவும் ஒரே பொத்தானில் ஓடாது. டிவிக்கு மூன்று ரிமோட். வெந்நீருக்கு இரண்டு சுவிட்சு, நடுவில் ஒரு டைமர். வாசல் விளக்குக்குத் தனி சுவிட்சு வரிசை. எல்லாம் அப்பா யோசித்து யோசித்து அமைத்தவை. மின்சாரம் மிச்சம், ஆபத்து இல்லை, வருஷக்கணக்கில் பழுதே ஆனதில்லை. ஆனால் அவரைத் தவிர யாருக்கும் ஓடாது. “தொடாதே, நான் வர்றேன்” என்பதுதான் அந்த வீட்டில் அதிகம் பேசப்பட்ட வாக்கியம். ஒரு தடவை அவர் வேலையாக வெளியூர் போயிருந்த நாலு நாளும் அம்மா பச்சைத் தண்ணீரில் குளித்தாள். அதை எல்லோரிடமும் சிரித்துக்கொண்டேதான் சொல்வாள்.

அம்மா கைப்பையோடு அறையிலிருந்து வந்தாள். மகள் அவளைச் சமையலறைப் பக்கம் இழுத்தாள்.

“இப்பவே சொல்லிடும்மா. அவர் ரெண்டு நாற்காலிக்குக் கோடு போட்டுட்டு இருக்கார்.”

“கடைக்குப் போயிட்டு வந்து சொல்றேன்.”

“வாங்கினப்புறம் சொன்னா தாங்கமாட்டார்மா.”

“வாங்கமாட்டார் பாப்பா,” என்றாள் அம்மா. “இன்னிக்கும் பாத்துட்டுத்தான் வருவார்.”

*

கடை மாடியில் இருந்தது. மூன்று பேரும் ஏறிப் போனார்கள். கேட்டுப் பார்ப்பதற்கென்று உள்ளே ஒரு தனி அறை. தரையில் கம்பளம், சுவரெல்லாம் கனமான திரை. கதவைச் சாத்தியதும் தெருச் சத்தம் கத்தரித்த மாதிரி நின்றது. கடைக்காரர் ரகசியம் பேசுகிற குரலில் பேசுபவர். அப்பா ஃபைலைப் பிரித்துக் கேள்விகளை அடுக்க, அவர் பொறுமையாகப் பதில் சொல்லிக்கொண்டே வந்தார். அரை மணி நேரம் போனதும் அவருக்கே மூச்சு வாங்கியது.

“சார், இந்த நம்பரையெல்லாம் விட்டுடுங்க. காதால கேட்டுடுங்களேன்.”

இரண்டையும் ஒரு துணியால் மூடினார். ஒன்று, கன்வர்ட்டர் உள்ளேயே இருக்கும் பெட்டி. இன்னொன்று, தனி ஆம்ப்ளிஃபயரும் தனி கன்வர்ட்டரும். எது எது என்று சொல்லாமல் ஒரே பாட்டை மாற்றி மாற்றிப் போட்டார். ஒரு பெண் தனியாகப் பாடும் பாட்டு. பின்னால் ஒரே ஒரு வயலின்.

அப்பா கண்ணை மூடிக்கொண்டு, லிஃப்ட் மோட்டாரைக் கேட்கிற மாதிரி தலையைச் சாய்த்துக் கேட்டார்.

“முதல்ல போட்டதுதான் தனி கன்வர்ட்டர். சந்தேகமே இல்ல. என்ன ஆழம்!”

கடைக்காரர் இருமினார்.

“ரெண்டாவதுங்க,” என்றாள் அம்மா.

“எப்படிச் சொல்றே?”

“அதுல அந்தப் பொண்ணு பாடறதுக்கு முன்னாடி மூச்சு இழுக்கறது கேக்குது. மூணாவது வரி ஆரம்பிக்கறப்ப உதடு பிரியற சத்தம்கூட. முதல்ல போட்டதுல அது லேசா அழிஞ்சிருக்கு.”

கடைக்காரர் துணியை விலக்கினார். அம்மா சொன்னதுதான் சரி.

“பதினெட்டு வருஷமா கடை வச்சிருக்கேன்,” என்றார். “இப்படி ஒருத்தர் வந்ததில்ல.”

அப்பாவின் முகம் ஒரு கணம் சிறுத்தது. அடுத்த கணமே பெருமையில் பூரித்தது. “பாத்தீங்களா, எங்க வீட்டுக் காதை! அப்ப சரி. தனித்தனியாவே போட்டுடுங்க. அவளே சொல்லிட்டா.”

“எனக்கு அந்த ஒரே பெட்டி போதுங்க,” என்றாள் அம்மா.

“அதுல அழிஞ்சிருக்குன்னு நீதானே சொன்னே?”

“ஆமா. இது நல்லா இருக்கு. எனக்கு அது போதும்.” அவள் கடைக்காரர் பக்கம் திரும்பினாள். “அதுக்கு எத்தனை வயர்?”

“கரண்ட்டுக்கு ஒண்ணு, ஸ்பீக்கருக்கு ரெண்டு. பாட்டு உங்க போன்லேர்ந்து தானாப் போயிடும்மா. ஒரே பொத்தான்.”

“இதுக்கு?”

“இதுக்குக் கொஞ்சம் வேலை இருக்கு. ரெண்டு பெட்டிக்கும் தனித்தனியா கரண்ட்டு, நடுவுல ரெண்டு வயர், கம்ப்யூட்டர்லேர்ந்து ஒண்ணு. எதை முதல்ல போடறது, எதை முதல்ல அணைக்கறதுன்னு ஒரு முறை இருக்கு.”

“அதெல்லாம் நான் பாத்துக்கறேன்,” என்றார் அப்பா. “அவளுக்கு என்ன கஷ்டம்? பாட்டு கேக்கணும்னா என்னை ஒரு குரல் கூப்பிட்டாப் போதும்.”

அம்மா அந்த ஒரே பெட்டியின் மேல் கை வைத்தாள். பிறகு கடைக்காரரிடம் கேட்டாள்.

“பத்துக்குப் பத்து அறைக்கு இது போதுமா?”

“தாராளமா. அவ்வளவு சின்ன ரூமுக்கு இதுவே ஜாஸ்திம்மா.”

அப்பா சிரித்தார். “நம்ம ஹால் இருபதுக்குப் பதினாலு. அளந்து எழுதி வச்சிருக்கேனே. யாருக்குப் பத்துக்குப் பத்து?”

“எனக்குங்க.”

மகள் அம்மாவின் பக்கம் ஓர் அடி நகர்ந்தாள்.

“நான் ஒரு ரூம் எடுத்திருக்கேன். ஆஸ்பத்திரி பின்தெருவுல. ஒண்ணாந்தேதிலேர்ந்து அங்க இருக்கலாம்னு. வீட்டுக்குப் போய்ச் சொல்லலாம்னு இருந்தேன். முடியல. வாயில வந்துடுச்சு.”

“பில் புக்கு எடுத்துட்டு வந்துடறேன்,” என்று கடைக்காரர் வெளியே போனார். பிறகு அவர் உள்ளே வரவேயில்லை. பாட்டை நிறுத்தவும் மறந்துவிட்டார். அந்தப் பெண் மறுபடியும் முதலிலிருந்து பாட ஆரம்பித்தாள். அப்பா எழுந்து போய்ச் சத்தத்தைக் குறைத்தார். குமிழிலிருந்து கையை எடுக்காமலே நின்றார்.

“எத்தனாவது மாடி?”

“நாலு.”

“லிஃப்ட் இருக்கா?”

“இல்ல.”

“உன் முட்டியை வச்சுக்கிட்டு நாலு மாடி ஏறுவியா?”

“மெதுவா ஏறறேன்.”

அவர் தலையை ஆட்டினார், குறிப்பு எழுதிக்கொள்கிறவர் போல. “யார் யாருக்குத் தெரியும்?”

அம்மாவின் கண் மகள் பக்கம் போனது. அவர் மகளைப் பார்த்தார்.

“எத்தனை நாளா?”

“பத்து நாளாப்பா.”

“காலையில டேப் பிடிச்சியே,” என்றார் அவர்.

அந்தத் தனி அறையை விட்டு வெளியே வந்ததும் கடைக்காரரிடம் அவர் சொன்னது ஒரே வரி. “அந்த ஒரே பெட்டியும் சின்ன ஸ்பீக்கர் ஒரு ஜோடியும் கட்டுங்க.”

“வேண்டாங்க, நானே வாங்கிக்கறேன்,” என்றாள் அம்மா.

“ரெண்டு வருஷமாப் பாத்தது நான். நான்தான் வாங்குவேன்.” கடைக்குள் அவர் குரல் முதல்முறையாக உயர்ந்தது. வேறு ஏதோ கேட்டுக்கொண்டிருந்த இருவர் திரும்பிப் பார்த்தார்கள். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “வழி சொல்லு. கொண்டு வந்து வச்சுட்டுப் போறேன்.”

*

கனமான பெட்டியை அவரே சுமந்தார். மகள் கேட்டும் தரவில்லை. மூன்றாவது மாடியில் நின்று, சுவரில் தோளைச் சாய்த்து மூச்சு வாங்கினார். கீழ்த்தளத்தில் லிஃப்ட்டுக்காக விட்டிருந்த இடத்தில் யாரோ சைக்கிள்களை நிறுத்தி வைத்திருந்தார்கள்.

அறை அம்மா சொன்ன அளவுதான். ஓர் இரும்புக் கட்டில், சுருட்டிய மெத்தை, ஒரு மேஜை, ஒரு ஸ்டூல். ஜன்னலைத் திறந்தால் ஆஸ்பத்திரியின் பின்சுவரும் ஏசி குழாய்களும். மேஜைமேல் ஒரு தட்டு, ஒரு கோப்பை. கோப்பையின் அடியில் காய்ந்துபோன டீக்கறை. தினமும் வேலை முடிந்து அரை மணி நேரம் இங்கே வந்து உட்கார்ந்துவிட்டுத்தான் அம்மா வீட்டுக்கு வந்திருக்கிறாள். பஸ் தாமதம் என்று சொன்ன நாளெல்லாம் இதுதான். மகளுக்கு அப்போதுதான் புரிந்தது. அப்பாவும் அந்தக் கோப்பையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் பெட்டியைப் பிரித்து மேஜையில் வைத்தார். வலது ஸ்பீக்கர், இடது ஸ்பீக்கர், மின்சார வயர். பொத்தானை அமுக்கினார். ஒரு சின்ன விளக்கு எரிந்தது.

அவ்வளவுதான். நாலு நிமிஷத்தில் வேலை முடிந்துவிட்டது. செய்வதற்கு இன்னும் ஏதாவது இருக்காதா என்று அவர் பெட்டியின் பின்பக்கத்தை எட்டிப் பார்த்தார். சுவரைத் தடவினார். முகம் கொஞ்சம் தெளிந்தது.

“இந்த பிளக் பாயிண்ட் ஆடுது. நாளைக்கு ஸ்க்ரூ டிரைவர் எடுத்துட்டு வர்றேன்.”

“வாட்ச்மேன்கிட்ட சொல்லியிருக்கேங்க. திங்கக்கிழமை ஆள் வருது.”

அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். அம்மா கட்டில் விளிம்பில். மகளுக்கு உட்கார இடம் இல்லை. கதவோரம் நின்றாள்.

“நான் என்ன பண்ணினேன்?” என்றார் அப்பா.

“ஒண்ணும் பண்ணல.”

“அப்புறம் எதுக்கு?”

“எல்லாத்தையும் நீங்களே பண்ணினீங்க. எனக்குன்னு ஒண்ணும் மிச்சம் வைக்கல.”

“உனக்குச் சிரமம் வேண்டாம்னுதானே பண்ணினேன்!”

“தெரியும். அது தெரிஞ்சதாலதான் இத்தனை வருஷம் இருந்தேன்.”

“ஒரு மாசம் டைம் குடு. மூணு ரிமோட்டையும் தூக்கிப் போட்டுடறேன். வெந்நீருக்கு ஒரே சுவிட்சு. எல்லாத்தையும் உனக்குச் சுலபமா மாத்திடறேன். இந்தப் பெட்டியை ஹால்லயே வச்சுக்கலாம். இது போதும்னு நானே சொல்றேன், போதுமா?”

“மாத்துவீங்க. நல்லாவே மாத்துவீங்க,” என்றாள் அம்மா. அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று மகளுக்குத் தோன்றியது. “அதையும் நீங்கதான் மாத்துவீங்க. நான் பக்கத்துல நின்னு பாத்துட்டிருப்பேன்.”

அப்பா பெட்டியைக் காட்டினார். “போட்டுப் பாரு. ஓடுதான்னு பாத்துட்டுக் கிளம்பறேன்.”

அம்மா போனை எடுத்து இரண்டு தடவை விரலால் தொட்டாள்.

பாட்டு வந்தது. யாரோ ஒரு நடு வயது ஆண், அவசரமே இல்லாமல், தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற மாதிரி பாடினான். அறை சின்னதாக இருந்ததால் குரல் சுவர் சுவராகத் தொட்டுக்கொண்டு வந்தது. அம்மா கண்ணை மூடவில்லை. ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அவள் தோள் கீழே இறங்குவதை மகள் பார்த்தாள். அந்தத் தோள் இத்தனை நாள் தூக்கியே இருந்தது என்பதே இப்போதுதான் தெரிந்தது.

“இது யார் பாடறது?” என்றார் அப்பா.

“பேரு தெரியாதுங்க.”

“எப்பலேர்ந்து கேக்கறே?”

“பாப்பா மூணாங்கிளாஸ் படிக்கும்போதுலேர்ந்து. பஸ்ல.”

“எங்கிட்டச் சொன்னதே இல்லையே.”

“ஒரு தடவை உங்க காதுல மாட்டி விட்டேன். எடுத்துப் பாத்துட்டு, இது எந்தக் கம்பெனி ஹெட்ஃபோன்னு கேட்டீங்க.”

மகள் சிரிப்பை அடக்க முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டாள். அம்மாவும் சிரித்தாள். அப்பாகூடச் சிரிக்கப் பார்த்தார். உதடு கோணியது, நேராக மறுத்தது. அவர் எழுந்து சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பாட்டு முடிந்ததும் அம்மா சொன்னாள். “நான் இன்னிக்கே இங்க இருந்துக்கறேங்க. வீட்டுக்கு வந்துட்டு மறுபடி கிளம்பறதுன்னா என்னால முடியாது.”

“துணிமணி?”

“நாளைக்குப் பாப்பா கொண்டு வருவா.”

அவர் அட்டைப் பெட்டிகளை மடக்காமல், உள்ளே தெர்மோகோலை வைத்து, கட்டிலுக்கு அடியில் தள்ளினார். “இதைத் தூக்கிப் போட்டுடாதே. வாரண்டி இருக்கற வரைக்கும் வேணும்.”

“சரிங்க.”

“ஏதாவது ரிப்பேர்னா...”

அவர் செருப்பை மாட்டிக்கொண்டார். அம்மா வாசல்வரை வந்தாள். படியில் இறங்கும்போது மகள் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தாள். அவர் ஒரு தடவையும் பார்க்கவில்லை. இரண்டாவது மாடிக்கு வந்தபோது மேலே அடுத்த பாட்டு ஆரம்பித்தது. அவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒரு படியிலேயே நின்றார். பிறகு இறங்கினார்.

*

அப்பாவும் மகளும் காரில் திரும்பினார்கள். அவர் எப்போதும்போல இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்து, முன்னால் போகும் வண்டிக்குச் சரியான இடைவெளி விட்டு ஓட்டினார். ஒரு தடவை, பாலம் ஏறும்போது, புறங்கையால் கன்னத்தைத் துடைத்தார். மகள் பார்க்காத மாதிரி கடைகளின் பெயர்ப்பலகைகளை எண்ணிக்கொண்டு வந்தாள்.

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று அவளுக்கு இருந்தது. எதற்கு என்றுதான் தெரியவில்லை. சத்தியம் செய்ததற்கா, காப்பாற்றியதற்கா?

நாலு தெரு கூடும் இடத்தில் சிவப்பு விழுந்தது. வண்டி நின்றது.

“நீ எப்போ போறே?” என்றார் அப்பா.

“எங்கேப்பா?”

“எனக்கென்ன தெரியும்? உங்கம்மா எங்க போறான்னும் எனக்குத் தெரியாமத்தானே இருந்துது.” கோபமாகக் கேட்கவில்லை. தேதி கேட்டுக் குறித்துக்கொள்கிற குரல். “நீயாவது முன்னாடியே சொல்லிடு பாப்பா.”

வியாழக்கிழமை அவளுடைய ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஒரு கடிதம் கொடுத்திருந்தார்கள். புதுக் கிளைக்கு அவளைத் தலைமை டெக்னீஷியனாகப் போட்டிருக்கிறார்கள். ரயிலில் பதினான்கு மணி நேரப் பயணம். வருகிறாளா இல்லையா என்று திங்கட்கிழமைக்குள் சொல்லியாக வேண்டும். ஏழு வருஷமாக அவள் கேட்டுக்கொண்டிருந்த இடம் அது. அம்மா முதலில் அப்பாவிடம் சொல்லட்டும், பிறகு நாம் சொல்லலாம் என்று கடிதத்தை மடித்துக் கைப்பையில் வைத்தவள், இன்று காலையிலிருந்து அதை மறந்தே போயிருந்தாள்.

இப்போது அந்தக் கைப்பை அவள் மடியில் இருந்தது. இரண்டு கையும் அதன்மேல் இருந்தன.

“சொல்லும்மா,” என்றார் அவர்.

பச்சை விழுந்தது. பின்னால் ஒரு வண்டி ஹாரன் அடித்தது. இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. முப்பது வருஷமாக எந்தச் சிக்னலிலும் ஒரு நொடி தாமதிக்காத மனிதர் வண்டியை எடுக்காமல், மகளின் முகத்தையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.